ஆய்வுக்குப் போன இடத்தில் எடுத்த படங்களைப் பகிரலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். இரைகொல்லிப் பறவைகளின் இனப்பெருக்கம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது மூன்றாம் ஆண்டு. களத்துக்குப் போகும்போதெல்லாம் கேமராவும் கூட வரும். படமெடுப்பதில் சின்ன வயதிலிருந்தே ஆசை. ஆறு மாதமாக இணையத்திலும் பகிர்ந்து வருகிறேன். சென்ற மாதம் ஓர் ஆந்தைக் கூட்டின் படத்தைப் போட்டேன். ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் நாற்பது பேராவது 'எந்த இடம்?' என்று கேட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை. ஆனால் பின்னால் தெரிந்த பாறையை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒருவர் எழுதினார். பயந்துபோய்ப் படத்தை நீக்கிவிட்டேன். 'முதலில் தீசிஸை முடி, படமெல்லாம் அப்புறம்' என்கிறார் என் கைடு. நண்பர்களோ நிறுத்தாதே என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக முடியுமா? எதைப் பகிரலாம், எதைக் கூடாது?
— பெயர் வெளியிட விரும்பாத ஆய்வு மாணவி

பதில்: படத்தை நீக்கியது சரி. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அத்தனை பேர் பார்த்த படம் யார் யாருடைய ஃபோனில் இருக்கிறது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பாறையை அடையாளம் கண்டவர் இன்னும் நாலு பேரிடம் சொல்லியும் இருக்கலாம். ஆகவே முதல் வேலையாக, நடந்ததை மறைக்காமல் இன்றே உங்கள் கைடிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பகுதியைப் பாதுகாக்கும் அதிகாரிகளுக்கும் தகவல் போகட்டும். குஞ்சுகள் இன்னும் கூட்டில் இருந்தால் வழக்கமான கண்காணிப்பு நாட்களில் மட்டும், வழக்கமான தூரத்திலிருந்து பாருங்கள். பதற்றத்தில் தினமும் போய் எட்டிப் பார்க்க வேண்டாம். தினமும் நடந்தால் புல்லில் தடம் விழும். அந்தத் தடமே கூட்டுக்கு வழிகாட்டிவிடும்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். கடிதத்தைப் படித்ததும் என்னுடைய பழைய களக்குறிப்பேடு ஒன்றைத் தேடி எடுத்தேன். உங்களைப் போல மாணவியாக இருந்தபோது ஒரு பாம்புக்கழுகின் கூட்டைக் கண்காணித்துவந்தேன். கூட்டில் ஒரே குஞ்சு. நான் உட்காரும் மறைவிடம் கூட்டிலிருந்து சுமார் எண்பது மீட்டர். அங்கிருந்து தொலைநோக்கியில் பார்த்து, எத்தனை முறை இரை வருகிறது என்று குறிப்பதுதான் வேலை. ஒருநாள் காலையில் வெளிச்சம் நன்றாக இருந்தது. கேமராவை எடுத்துக்கொண்டு, கூட்டுக்கு முப்பது மீட்டர் தூரம் வரை முன்னே போய் ஒரு புதரோரம் உட்கார்ந்தேன். அன்றைய பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது:

6.50 – ஆண் வந்தது. வாயில் பாம்பு. எதிர்மரத்தில் அமர்வு.
7.05 – அதே கிளை.
7.20 – அதே கிளை. குஞ்சு கத்துகிறது.
7.38 – பறந்துவிட்டது. இரை கொடுக்கவில்லை.

பக்கத்தின் ஓரத்தில், 'வெளிச்சம் அருமை' என்றும் எழுதியிருக்கிறேன்.

அந்த நாற்பத்தெட்டு நிமிடத்தில் எடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பாதி விழுங்கிய பாம்பின் வால் அலகிலிருந்து தொங்க, மஞ்சள் கண்களால் கழுகு நேராகக் கேமராவைப் பார்க்கும். பார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் பார்வையைத்தான் புகழ்ந்தார்கள். அது ஏன் அப்படிப் பார்த்தது என்று எனக்கு மட்டும் தெரியும். நான் அங்கே உட்கார்ந்திருந்ததால் அதனால் குஞ்சிடம் போக முடியவில்லை. அன்றைய இரைக் கணக்கையும் என் தரவிலிருந்து தூக்க வேண்டியதாயிற்று. இரை வந்தும் கொடுக்கப்படாமல் போனதற்குக் காரணம் நான். அதைப் பறவையின் நடத்தை என்று எப்படி எழுதுவது?

எண்பது மீட்டரில் உட்கார எனக்கு அனுமதி இருந்தது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. மீதி ஐம்பது மீட்டரை நானாக எடுத்துக்கொண்டேன். உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஆய்வாளர் என்பதால் மற்றவர்கள் போக முடியாத இடத்துக்கும் நேரத்துக்கும் உங்களை விடுகிறார்கள். அந்த அனுமதி உங்கள் கேள்விக்குக் கிடைத்தது, கேமராவுக்குக் கிடைத்ததல்ல. ஆய்வு அனுமதி ஒன்று, படப்பிடிப்பு அனுமதி வேறொன்று என்று பல நாடுகளில் சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் அனுமதிக் கடிதத்தை இன்னொரு முறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

களத்தில் எனக்கு உதவும் கேள்வி ஒன்று உண்டு. கேமரா கையில் இல்லாவிட்டால் இந்த இடத்தில், இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம் நின்றிருப்பேனா? இல்லை என்று பதில் வந்தால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவேன். மறைவிடத்திலிருந்து எட்டுகிற தூரத்தில் என்ன கிடைக்கிறதோ அதுதான் படம். படத்தில் பறவை சின்னதாக இருக்கும், சுற்றிலும் மரம் நிறைய இருக்கும். இருக்கட்டும்.

இன்னொன்று. விலங்கு அசையாமல் இருந்தால் பயப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முட்டைமேல் அமர்ந்த பக்கிப் பறவையும், புல்லுக்குள் கிடக்கும் மான்குட்டியும் கடைசி நொடிவரை அசையாது. அதுதான் அவை தப்பிக்கும் வழி. இரையை வாயில் வைத்துக்கொண்டு இறங்காமல் நிற்பது, மேய்ச்சலை விட்டுத் தலையைத் தூக்குவது, எச்சரிக்கைக் குரல் கொடுப்பது, இதில் எதைக் கண்டாலும் பின்வாங்கிவிடுங்கள். இந்தக் குறிகளைப் படிக்கத்தான் மூன்று வருடமாகப் பயிற்சி எடுக்கிறீர்கள். சாதாரண ஒளிப்படக்காரரைவிட உங்களுக்குப் பொறுப்பு கூடுவதும் அதனால்தான்.

கையில் பிடித்த பறவைகளின் படங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடையாளத்துக்காகக் காலில் வளையம் மாட்டும் வேலையும் உங்கள் ஆய்வில் இருக்கும் என்று நினைக்கிறேன். 2009-இல் ஒரு வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. தேவாங்கின் உறவினமான ஸ்லோ லோரிஸ் ஒன்றுக்கு ஒருவர் கிச்சுகிச்சு மூட்டுவார், அது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருக்கும். சுகமாக ரசிக்கிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்த விலங்குக்கு முழங்கையின் உட்பக்கம் ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து வருவது எச்சிலோடு சேர்ந்தால் நஞ்சு. ஆபத்து என்று பட்டால் கைகளைத் தூக்கி அந்தச் சுரப்பியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவரும். ஊர் முழுக்கக் கண்டு மகிழ்ந்தது அதன் தற்காப்பை. எனக்கும் இதுபோல ஒன்று வேண்டும் என்று எத்தனையோ பேர் கீழே எழுதினார்கள். 2007-லேயே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் சேர்த்து, வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோகத் தடை செய்யப்பட்ட விலங்கு அது.

2021-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் பிரைமேட் நிபுணர் குழு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. குரங்கினங்களைத் தூக்கி வைத்திருப்பதையும், அணைப்பதையும், கையால் ஊட்டுவதையும் படமாக வெளியிடாதீர்கள் என்று அது ஆய்வாளர்களையும் சேர்த்தே கேட்டுக்கொண்டது. பறவைகளுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. உங்கள் உள்ளங்கையில் இருக்கும் ஆந்தைக் குஞ்சைப் பார்ப்பவருக்கு உங்கள் அனுமதிக் கடிதம் தெரியாது. அளவெடுக்க மூன்று நிமிடம் போதும் என்றால் படத்துக்காக நான்காவது நிமிடம் எடுக்காதீர்கள். வேலையைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் விரித்த இறகு, அளவுகோல், வளையம், இவை தெரியும் படம் ஒன்று போதும். உங்கள் முகமும் பறவையின் முகமும் சேர்ந்து சிரிக்கும் படம் வேண்டாம்.

இடத்தை மறைப்பது பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். உங்களை மாட்டிவிட்டது அதுதான். தெற்குச் சீனாவில் 1999-இல் கோனியூரோசாரஸ் லூயி என்ற பல்லியினம் அறிவியலுக்கு அறிமுகமானது. எங்கே கிடைத்தது என்பதை ஆய்வுக் கட்டுரை வழக்கம்போலத் துல்லியமாகச் சொன்னது. செல்லப்பிராணி வணிகத்துக்குப் பிடிப்பவர்கள் அதைப் படித்துவிட்டுப் போய், அந்த இடத்தில் இருந்ததையெல்லாம் பிடித்துத் தீர்த்தார்கள். 2015-இல் அதே பேரினத்தில் இரண்டு புதிய இனங்களை விவரித்தவர்கள் இடத்தைக் கட்டுரையில் அச்சிடவே இல்லை. சக ஆய்வாளர்களும் அரசு அமைப்புகளும் கேட்டால் தருகிறோம் என்று மட்டும் எழுதினார்கள். ஆய்வுக் கட்டுரைக்கே அந்தக் கதி என்றால், தேடுபொறியில் விழும் படத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேமராவிலோ ஃபோனிலோ ஜிபிஎஸ் ஓடிக்கொண்டிருந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படக்கோப்புக்குள்ளேயே பதிவாகிவிடும். பெரிய சமூக வலைத்தளங்கள் பெரும்பாலும் பதிவேற்றும்போது அதை நீக்கிவிடுகின்றன. ஆனால் மின்னஞ்சலில் அசல் கோப்பை அனுப்பினால் தகவலும் கூடவே போகும். ஆகவே அசலை உங்களிடம் வைத்துக்கொண்டு, வெளியே தரும் பிரதியில் மட்டும் அதை நீக்குங்கள். ஆய்வுக்கு அந்தத் தகவல் வேண்டும் என்பதால் கேமராவில் ஜிபிஎஸ்ஸை அணைத்துவைப்பது நமக்கு உதவாது.

கோப்பில் நீக்கினாலும் படத்துக்குள் இடம் இருக்கும். பாறை, மலைமுகடு, வளைந்த ஒற்றை மரம், பின்னால் செல்லும் மின்கம்பி, இவை எல்லாமே முகவரிதான். நேரமும் காட்டிக்கொடுக்கும். காலையில் ஒரு சரணாலயத்தின் வாசலில் எடுத்த படத்தைப் போட்டுவிட்டு மாலையில் இடம் சொல்லாமல் கூட்டைப் போட்டால் இரண்டையும் கோக்க அதிக நேரம் ஆகாது. பார்த்த உயிரினங்களைப் பொதுமக்களும் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஒரு பதிவின் இடத்தை மங்கலாக்கச் சொன்னால், 0.2 டிகிரிக்கு 0.2 டிகிரி கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகே அந்தக் கட்டத்தின் ஒரு பக்கம் சுமார் 22 கிலோமீட்டர். அதோடு, பார்த்த நாளையும் மறைத்து மாதத்தை மட்டும் மற்றவர்களுக்குக் காட்டும். நாளை வைத்தே இடத்தைப் பிடித்துவிடலாம் என்று தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். இந்தப் பருவத்தின் படம் இந்தப் பருவத்தில் வேண்டாம்.

'எந்த இடம்?' என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். அவர்கள்மேல் எரிந்து விழாதீர்கள். 'கூட்டின் இடத்தை ஆய்வுக்குழுவுக்கு வெளியே சொல்வதில்லை' என்ற ஒரே பதிலை எல்லோருக்கும் எழுதுங்கள். மூத்த ஒளிப்படக்காரர் கேட்டாலும் நெருங்கிய நண்பர் கேட்டாலும் அதே பதில்தான். ஒருவருக்குத் தனியாகச் சொன்னால், அவரும் யாரோ ஒருவருக்குத் தனியாகச் சொல்வார்.

இவ்வளவு தடை போட்டதைப் பார்த்து நானும் உங்கள் கைடு கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். படமெடுப்பதை நிறுத்தக் கூடாது என்று திடமாக நம்புகிறவள் நான். படம் தரவு என்பதை உங்கள் கைடிடம் நீங்கள் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

திமிங்கலச் சுறாவின் உடம்பில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. விண்மீன் கூட்டங்களின் படங்களை ஒப்பிட வானியலாளர்கள் உருவாக்கிய கணக்குமுறையை எடுத்து, செவுளுக்குப் பின்னால் உள்ள புள்ளிகளை ஒப்பிடலாம் என்று 2005-இல் ஒரு குழு காட்டியது. அதன் பிறகு, கடலில் நீந்தப் போன சுற்றுலாக்காரர்கள் எடுத்த படங்களும் ஆய்வுக்குப் பயன்பட்டன. இன்ன சுறா, இன்ன வருடம், இன்ன கடல் என்று சொல்ல முடிந்தது. ஆனால் ஒரு நிபந்தனை, எல்லோரும் உடம்பின் ஒரே பக்கத்தை எடுத்திருக்க வேண்டும். புலிக்கும் அப்படித்தான். இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு. தானியங்கிக் கேமராக்களைப் பாதையின் இரு பக்கமும் ஜோடியாகக் கட்டுவது அதற்காகத்தான்.

மலேசியாவில் ஓர் ஒளிப்படக்காரர் இறக்கையில் கறுப்பு வலைக்கோடு போட்ட பச்சைப் பூச்சி ஒன்றைப் படமெடுத்து, படங்களைப் பகிரும் ஃபிளிக்கர் தளத்தில் போட்டிருந்தார். பூச்சியியலாளர் ஒருவர் தற்செயலாக அதைப் பார்த்தார். இதுவரை பார்த்திராத இனம் என்று அவருக்குச் சந்தேகம். ஆனால் பொதுவாக மாதிரி கையில் இல்லாமல் பெயர் சூட்டுவதில்லை. ஒளிப்படக்காரர் அதே இடத்துக்கு மறுபடி போனபோது இன்னொரு பூச்சி கிடைத்தது. 2012-இல் அது செமாக்ரைசா ஜேட் என்ற பெயரில் அறிவியலுக்குள் வந்தது. எடுத்த இடத்தை அவர் மறந்திருந்தால் அது வெறும் அழகான படமாகவே நின்றிருக்கும்.

ஆகவே அழகுக்கு ஒரு படம் எடுத்தால் பயனுக்கு மூன்று எடுங்கள். இரண்டு பக்கமும் எடுங்கள், காலும் வளையமும் தெரிய எடுங்கள், சுற்றியுள்ள வாழிடத்தை அகலமாக ஒன்று எடுங்கள். களத்துக்குப் புறப்படும் முன் ஃபோனின் ஜிபிஎஸ் திரையில் தெரியும் மணியைக் கேமராவால் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கேமராக் கடிகாரம் எவ்வளவு பிந்தியிருக்கிறது என்று பிறகு கணக்குப் போட அது உதவும். கேமரா பதிவுசெய்த அசல் கோப்பான ரா ஃபைலைத் தொடாமல் வையுங்கள். வெட்டுவதும் வெளிச்சம் கூட்டுவதும் பிரதியில் நடக்கட்டும். மங்கலாக விழுந்தவற்றை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். நான் அழிக்க மறந்த ஒரு மோசமான படத்தில், மூலையில் காது கிழிந்த புனுகுப்பூனை ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஐந்து வருடம் கழித்து அதே கிழிசலோடு வேறொரு கேமராவில் அது விழுந்தபோதுதான், அவ்வளவு காலமாக அந்த ஓடையை விட்டு அது போகவில்லை என்று தெரிந்தது.

மெருகேற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பறவையின் காலில் இருக்கும் வளையத்தையோ விலங்கின் கழுத்தில் இருக்கும் ரேடியோ காலரையோ, இயற்கையாகத் தெரிய வேண்டும் என்று அழிப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஒருநாளும் செய்யாதீர்கள். ஆய்வாளர் கையிலிருந்து வரும் படத்தில் அது தரவைத் திருத்துவதற்குச் சமம். அந்த விலங்கின் கழுத்தில் காலர் இருப்பதும் அதன் வாழ்க்கைதான். அதைப் பார்ப்பவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

கைடிடம் பேசும்போது ஆசையைப் பற்றிப் பேசாமல் ஒப்பந்தமாகப் பேசுங்கள். படங்கள் யாருக்குச் சொந்தம்? நிறுவனத்துக்கா, நிதி கொடுத்தவர்களுக்கா, உங்களுக்கா? எந்தப் படம் கட்டுரை வரும்வரை வெளியே போகக் கூடாது? பகிரும் முன் யார் பார்க்க வேண்டும்? ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் வெளியிட்டுவிட்டால் கட்டுரையின் புதுமை போய்விடும் என்ற பயம் அவருக்கு இருந்தால், அது நியாயமான பயம். ஆகவே ஆய்வின் முடிவைச் சொல்லிவிடும் படங்கள் காத்திருக்கட்டும். வாரத்தில் இவ்வளவு நேரம்தான் படங்களுக்கு என்று நீங்களே ஓர் எல்லை வைத்து, அதையும் அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். தீசிஸ் பற்றி அவர் சொல்வதில் பாதி உண்மை. படம் திருத்த உட்கார்ந்தால் ஒரு மாலை முழுக்கப் போய்விடும்.

பகிர உங்களிடம் என்ன மிஞ்சும் என்று கவலை வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த பறவைகளே கொள்ளையாக இருக்கின்றன. அவற்றுக்கு இடம் ரகசியமில்லை. செரிக்காததை ஆந்தை வாய்வழியே உமிழ்ந்த உருண்டையைப் பிரித்தால் உள்ளே எலியின் தாடையெலும்பு இருக்கும். வெள்ளைத் தாளில் வரிசையாக அடுக்கி ஒரு படம் எடுத்துப் போடுங்கள். ஒரு விவசாயி அதைப் பார்த்தால் இந்தப் பறவை தன் வயலில் என்ன செய்கிறது என்று ஒரு நொடியில் புரிந்துகொள்வார். கூட்டின் படம் இதைச் சொல்லாது. உரிமத்தையும் தெளிவாக எழுதிவிடுங்கள். ஐநேச்சுரலிஸ்டில் போடும் பதிவு, மற்றவர்களும் இனத்தை உறுதிசெய்து ஆய்வுத் தரத்தை எட்டி, பிறர் பயன்படுத்த அனுமதி தரும் பொருத்தமான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும் இருந்தால், அது உயிரினப் பதிவுகளை உலக அளவில் திரட்டும் ஜிபிஐஎஃப் தரவுத்தளத்துக்குப் போகும். முகம் தெரியாத இன்னொரு மாணவியின் வரைபடத்தில் உங்கள் பறவை ஒரு புள்ளியாகும்.

நீக்கிய அந்த ஆந்தைப் படத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஆந்தைகள் ஒரே பொந்துக்கு ஆண்டுதோறும் திரும்புவது உண்டு. ஆகவே பாறை தெரியும் படத்தை அடுத்த வருடம்கூட வெளியே விடாதீர்கள். அது ஆய்வுக் கோப்பில் இருக்கட்டும். குஞ்சுகள் பறந்துபோன பிறகு, மறைவிடத்திலிருந்து எடுத்தவற்றில் பறவையும் கிளையும் இருட்டும் மட்டும் இருக்கும் ஒன்றைத் தேடி எடுங்கள். அதன்கீழ் அன்றிரவு எத்தனை முறை இரை வந்தது, என்னென்ன வந்தது, இரண்டு வருகைக்கு நடுவே குஞ்சுகள் எவ்வளவு நேரம் கத்தின என்று உங்கள் குறிப்பேட்டில் உள்ளபடியே எழுதிப் போடுங்கள். போட்டதும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அவை என்ன தின்றன என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது.